அடங்காத எச்டாப்ஸ் அளவுகள்: கடைசியில் காரணம் கிடைத்தது

எச்டாப்ஸ் என்பது திங்க்பேட் லேப்டாப்பின் சாய்வையும் அசைவையும் அளக்கும் சென்சார் அமைப்பு. மூன்று வார இழுபறிக்குப் பிறகு நேற்று இரவு அதன் எக்ஸ் அச்சு அளவு அடங்கிவிட்டது. மேஜையில் அசையாமல் இருக்கும் லேப்டாப்பில் ஓய்வுப் புள்ளிக்கு மேலும் கீழும் 7 வரை ஆடிக்கொண்டிருந்த அளவு இப்போது 1-ஐத் தாண்டுவதில்லை. அவ்வளவு சந்தோஷம், உடனே எழுதிவிடுகிறேன்.

லினக்ஸ் கெர்னலோடு வரும் எச்டாப்ஸ் டிரைவரில்தான் தொடங்கினேன். அதில் ஃபஸ் மதிப்பு (எவ்வளவு சின்ன மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற எல்லை) 4. 12 ஆக்கி கம்பைல் செய்தேன். ஆட்டம் மறைந்தது, கூடவே சின்னச் சாய்வுகளும் காணாமல் போயின. சரி என்று பழையபடி மாற்றிவிட்டு, 16 அளவுகளுக்குச் சராசரி எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். இப்போது லேப்டாப்பைச் சாய்த்தால் முக்கால் நொடி கழித்துத்தான் எண் நகர்கிறது, ஆனால் ஆட்டம் அப்படியே இருக்கிறது! தாறுமாறான இரைச்சல் என்றால் சராசரியில் குறைந்தே ஆக வேண்டுமே. வரைபடம் போட்டுப் பார்த்தால் நாலைந்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அழகான அலை.

டிஸ்க்தான் காரணமோ என்று பார்க்க, எச்டிபார்ம் என்ற கட்டளை கொடுத்து ஹார்டு டிஸ்க்கை உறங்க வைத்தேன் (லாக் கோப்பை ரேமில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் உடனே விழித்துக்கொள்ளும்). அலை நின்றது. அப்புறம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. என் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. டிரைவர் 50 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 20 முறை படிக்கிறது. 120 என்பது 20-இன் ஆறு மடங்கு, அதனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதிர்வு ஏறக்குறைய அதே இடத்தில் சிக்குகிறது. இரண்டு வேகமும் மயிரிழை விலகி ஓடுவதால் அந்த இடம் மெல்ல நகர்ந்து மெதுவான அலையாகத் தெரிகிறது. படித்து முடித்த பிறகு எத்தனை சராசரி போட்டாலும் அது போகாது.

திங்க்பேடுகளுக்கான தனி டிரைவர் தொகுப்பான டிபி-ஸ்மாபியோடு வரும் எச்டாப்ஸ் டிரைவருக்கு மாறினேன். நொடிக்கு 50 முறை படிப்பது, ஓவர்சாம்ப்ளிங் 5 (ஒரு அளவுக்கு உள்ளே ஐந்து முறை எடுப்பது), வடிகட்டி 2 என்பதுதான் அதன் இயல்பு அமைப்பு. லேப்டாப்புக்குள் சென்சாரைப் படிக்கும் சின்னச் சில்லான எம்பெடட் கன்ட்ரோலர் 250 ஹெர்ட்ஸில் (50 × 5) எடுத்து இரண்டிரண்டாகச் சராசரி போடும்போது 120 ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறக்குறைய முழுசாக வெட்டுப்பட்டுவிடுகிறது. மிச்சம் என்னிடம் 20 ஹெர்ட்ஸாக வருகிறது, என் ஸ்கிரிப்டில் ஐந்து அளவுகளுக்குச் சராசரி எடுத்தால் அதுவும் துடைபட்டுவிடுகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபேக் டேட்டா மோட். இதை எல்லோரும் ஏன் கண்டுகொள்வதில்லை என்று தெரியவில்லை. அதை 1 ஆக்கினால் சென்சார் அளவுக்குப் பதில் ஏறிக்கொண்டே போகும் எண்ணி வரும். இரண்டு அளவுகளுக்கு இடையே எண் எவ்வளவு தாவுகிறது என்று பார்த்தாலே படிக்கும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு அளவுக்கும் கோப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததில் அங்கங்கே விட்டுப்போனதை இதில்தான் பிடித்தேன். வடிகட்டியில் கை வைப்பதற்கு முன் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

டிஸ்க்கின் இருபுறமும் வரும் ரப்பர் தண்டவாளங்களையும் மாற்றினேன். முதலில் வாங்கிய ஜோடி ரப்பரே இல்லை, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போலக் கல்லாக இருந்தது. விற்றவர் பதிலும் போடவில்லை. இரண்டாவது ஜோடி பரவாயில்லை. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டால் அதிர்வே இருக்காது என்பது தெரியும், ஆனால் டிஸ்க் இருக்கும்போதே அளவு சுத்தமாக வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அடுத்து புது லேப்டாப்பின் ஐஐஓ சென்சாரில் (லினக்ஸின் பொதுவான சென்சார் அமைப்பு வழியாக வருவது) மவுன்ட் மேட்ரிக்ஸை, அதாவது சென்சார் எந்தப் பக்கம் பார்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை, சரிபார்க்க வேண்டும், அதற்கான ஸ்கிரிப்டை இப்போதே பாதி எழுதிவிட்டேன். இந்தப் பழைய லேப்டாப்பில் ஒய் அச்சு இன்னும் பாக்கி. சஸ்பென்டிலிருந்து (தூக்க நிலையிலிருந்து) எழுந்ததும் ஓய்வுப் புள்ளி 3 தள்ளி நிற்கிறது, டிரைவர் தரும் காலிப்ரேட் கோப்பில் (ஓய்வுப் புள்ளியை மறுபடி அமைப்பது) 1 எழுதினால் சரியாகிவிடுகிறது. அதை எழும்போதே ஓடும்படி போட்டிருக்கிறேன், இன்று இரவு பத்து முறை தூங்க வைத்து எழுப்பிப் பார்க்கப் போகிறேன்.