பாலாற்றங்கரையில் கிடை போடுவோர்

நெல் அறுவடை முடிந்ததும் பாலாற்றங்கரை வயல்களில் கிடை போட, அதாவது மந்தையை இரவில் வயலிலேயே அடைத்து வைக்க, வரும் இடையர்களை, மேய்ச்சல் அறிவில் தேர்ந்தவர்கள் என்றே நான் மதிக்கிறேன். ஒரே இடத்தில் மந்தையை நாள்கணக்கில் அடைத்து வைக்காமல் பட்டியை அடிக்கடி மாற்றிப் போடுவதால், புழுக்கையும் மூத்திரமும் வயலெங்கும் பரவி உழவருக்கு எருவாகின்றன; ஆடுகளும் தம் சாணத்திலேயே படுத்துக் கிடப்பதில்லை.

காலையில் அவர்கள் அவசரப்படுவதில்லை. பனி ஈரம் காயாத புல்லில் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் ஏறி நிற்கும் என்பதால், வெயில் ஏறிய பிறகே மந்தையை ஓட்டுகிறார்கள். நத்தைகள் மிகுந்த ஏரிக்கரைச் சதுப்பில் தட்டைப்புழு தொற்றும் என்பதால் அங்கே மேய விடுவதையும் தவிர்க்கிறார்கள். வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு பெரியவர், சோர்ந்து பின்தங்கிய ஆட்டைக் கால்களுக்கிடையில் நிறுத்தி, அதன் கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்திருந்தது. புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சுவதற்கு அதுவே முதல் அடையாளம்.

மழைக்குப் பின் தளிர்க்கும் இளம்புல்லை ஆடுகள் திடீரென வயிறு முட்ட மேய்ந்தால், குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பெருகி நஞ்சைச் சுரக்க, துள்ளுமாரி நோய் கண்டு நல்ல ஆடுகள் ஓரிரு நாளில் மடிந்துவிடுகின்றன. எனவே பருவமழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரிக்கும் நிலையம் 1932 முதல் நம் இராணிப்பேட்டையிலேயே இயங்கி வருகிறது. மருந்து அருகில் இருந்தும், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களான மேய்க்கால் புறம்போக்குகள் மனைகளாகவும் குப்பைமேடுகளாகவும் மாறிவருவது எனக்குப் பெரும் வேதனையளிக்கிறது. ஓட்டிச் செல்ல வேறிடம் இல்லாத மந்தை, புழு மண்டிய பழைய தரையையே மீண்டும் மீண்டும் மேய வேண்டியிருக்கிறது.