குதிரைக்கும் கே, ராஜாவுக்கும் கே

மண்டபம், கீழக்கரை பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் 60 பிள்ளைகள், ஐந்து சுற்று என்று ஒரு செஸ் போட்டி நடப்பதாக வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 30 போர்டு, மொத்தம் 150 ஆட்டம். ஆளுக்கு 40 மூவ் என்றால் ஆட்டத்துக்கு 80, ஆக 12,000 மூவ். ஆடுபவர்கள் மூவ்களை எழுதிவைக்கும் ஸ்கோர்ஷீட்டைப் பார்த்து அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மூவுக்கு ஒரு நொடி மிச்சம் பிடித்தாலே 3 மணி 20 நிமிடம் கையில் நிற்கும்.

மவுஸில் காயை இழுத்து விடுவதுதான் எல்லோரும் ஆரம்பிக்கும் வழி. வியர்த்த விரலோடு டச்பேடில் இழுத்தால் காய் பாதியில் நழுவி பக்கத்துக் கட்டத்தில் விழும். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தின் செட்டிங்ஸில், இழுக்காமல் இரண்டு கட்டங்களை மட்டும் கிளிக் செய்யும்படி மாற்றிக்கொள்ளலாம். நழுவல் அதோடு நிற்கும். ஆனால் நேரம் நிஜமாகக் கரைவது வேறு இடத்தில். தாளைப் பார், திரையைப் பார், திரும்பவும் தாளில் விட்ட வரியைத் தேடு. வரிக்கு அடியில் ஓர் அடிஸ்கேலை வைத்து, இடது கையால் அதை இறக்கிக்கொண்டே, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல் டைப் அடிப்பவர்தான் வேகமாக முடிப்பார். அதற்கு மவுஸை விட்டு கீபோர்டுக்கு வரவேண்டும்.

ஸ்கிட் என்ற செஸ் மென்பொருளில் மூவை, காயின் ஆங்கில எழுத்து, போய்ச் சேரும் கட்டம் என்று தாளில் உள்ளபடி அப்படியே டைப் அடிக்கலாம். வெட்டுக்கான எக்ஸ், பிரமோஷனுக்கான (சிப்பாய் கடைசி வரிசையில் வேறு காயாவது) சமக்குறி எதுவும் வேண்டாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமும் கிடையாது, ஒரே ஒரு விலக்கோடு. சின்ன பி அடித்தால் முதலில் பி வரிசைச் சிப்பாயைத்தான் எடுத்துக்கொள்ளும். பிஷப்தான் வேண்டும் என்றால் பெரிய பி. ராஜாவும் யானையும் ஒரே மூவில் நகரும் காஸ்லிங்குக்குத் தாளில் எழுதும் ஓ-ஓ கிடையாது; ராஜா பக்கம் ஓகே, ராணி பக்கம் ஓக்யூ. ராஜா பக்கத்து ஓ-ஓ என்பது ராணி பக்கத்து ஓ-ஓ-ஓவின் தொடக்கமாகவே இருப்பதால், அடித்தது முடிந்ததா இல்லையா என்று மென்பொருளுக்குத் தெரியாது, அதனால் இந்த ஏற்பாடு. தானாக நிரப்பும் வசதி ஒன்றும் உண்டு. வேறு மூவுக்கு இடமில்லை என்று தெரிந்ததும் மீதி எழுத்துக்குக் காத்திராமல் காயை நகர்த்திவிடும். மெதுவாக அடிப்பவருக்கு அது வரம். கடகடவென அடிப்பவருக்குத் தொல்லை, மிச்ச எழுத்தை விரல் அடித்து முடித்திருக்கும். அணைத்துவிடுவது நல்லது.

எண்ணால் ஏற்றுவதும் ஒரு வழி. தபால் செஸ்காரர்களின் ஐசிசிஎஃப் (உலகத் தபால் செஸ் கூட்டமைப்பு) முறையில் ஏ முதல் எச் வரையுள்ள எழுத்துகளுக்குப் பதில் 1 முதல் 8. இ2 சிப்பாய் இ4க்குப் போனால் 5254. வெள்ளையின் ராஜா பக்கக் காஸ்லிங் 5171. லிச்செஸில் கீபோர்டு உள்ளீட்டை இயக்கினால் 5254 என்றே அடிக்கலாம், வலது கை நம்பர்பேடை விட்டு நகராது. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் ஸ்கோர்ஷீட்டில் காய் போய்ச் சேர்ந்த கட்டம்தான் இருக்கும், கிளம்பிய கட்டம் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் தலை நிமிர வேண்டும். போர்டைப் பார்த்தபடி நேரலையாக ஏற்றுபவருக்கு எண் முறை; தாளிலிருந்து ஏற்றுபவருக்கு எழுத்து முறை.

இனி பிழைகள். விதி மீறிய மூவை மென்பொருள் ஏற்காது, அது நல்லது. விதிக்கு உட்பட்ட தப்பான மூவை வாயை மூடிக்கொண்டு ஏற்கும், ஆபத்து அங்கேதான். டி2வில் நிற்கும் குதிரை சி4க்கும் போகும், இ4க்கும் போகும். பிள்ளையின் கையெழுத்தில் சியும் இயும் ஒன்றுபோல இருக்கும். யானையின் (ஆர்) ஆர்சி1, ஆர்இ1 கதையும் அதேதான். பத்து மூவ் கழித்து அந்த யானை இல்லாத வரிசையில் வெட்டப் போகும்போதுதான் மென்பொருள் மறுக்கும். மறுத்த இடத்தில் நின்று முறைத்துப் பயனில்லை. அந்தக் காய் கடைசியாக எப்போது நகர்ந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே அகப்படும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிழை இருக்கிறது. குதிரைக்கு என், ராஜாவுக்குத்தான் கே என்பதை மறந்து குதிரைக்கும் கே போடுவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் கேயில் தொடங்குகிறது, குதிரையும் கேயில் தொடங்குகிறது, குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது மூவில் கேஎஃப்3 என்றால் சிக்கலில்லை, ராஜா அங்கே போகவே முடியாது. எண்ட்கேமில் ராஜா ஜி2விலும் குதிரை டி2விலும் இருந்தால் இருவரும் எஃப்3க்குப் போகலாம், கேஎஃப்3 ராஜாவாகவே ஏறிவிடும்.

கறுப்பு ஆடுபவர் எழுத்து அச்சிடாத போர்டில் தன் பக்கத்திலிருந்து எண்ணினால் இ5 என்பது டி4 ஆகிவிடும், எஃப்6 சி3 ஆகிவிடும். மாற்றும் வழி எளிது. ஏ-எச், பி-ஜி, சி-எஃப், டி-இ என்று எழுத்தை மாற்று, எண்ணை 9இலிருந்து கழி. வெறும் என்டி2 என்று எழுதி, பி1, எஃப்3 இரண்டிலும் குதிரை நின்றால், கீழ் வரிகளில் எஃப்3 குதிரை பிறகு நகர்கிறதா பார்; நகர்ந்தால் டி2க்கு வந்தது பி1 குதிரை.

போனில் ஏற்றுபவர்கள் தானாகப் பெரிய எழுத்து போடும் வசதியை முதலில் அணைக்க வேண்டும். புள்ளிக்குப் பிறகு வரும் இ4ஐ அது பெரிய எழுத்தாக்கும். மூவ் எண் இல்லாமல் மூவ்களை மட்டும் இடைவெளி விட்டு அடித்து ஒட்டினாலும் பிஜிஎன்னாக (செஸ் ஆட்டத்தைச் சேமிக்கும் எழுத்துக் கோப்பு வடிவம்) இறக்குமதி ஆகும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஹால் ஜன்னல் திறந்திருந்தால் தாள் பறக்கும். வாங்கும்போதே மூலையில் சுற்று-போர்டு எண் (3-17 என்பதுபோல) எழுதி கிளிப் போட்டுவிடு. கார்பன் பிரதி ஈரக்காற்றில் நமத்து மங்கும், அசலையே கேள். கடலோர அறையில் கிடந்த கீபோர்டில் விசை ஒட்டி, ஒரே எழுத்து இரண்டு முறை விழும்; முன்கூட்டியே சோதித்துவிடு. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சேவ்.

தாள் புரியவில்லை என்றால் எதிராளியின் தாளை எடு. இரண்டும் குழம்பினால் ஊகித்து நிரப்பாதே. சந்தேகமில்லாத கடைசி மூவ் வரை ஏற்றி, முடிவைப் போட்டு, நெளிவு அடைப்புக்குறிக்குள் ‘23க்கு மேல் தாள் தெளிவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போ.