கோப்பில் ஒரு பிள்ளை, வீட்டில் ஒரு பிள்ளை

ஃபுளோரிடாவில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யார் கேட்டாலும் "பிள்ளைகள் காப்பகம்" என்று சொல்லி முடித்துவிடுவேன். "கிரெச்சா? அதுக்கா நர்சிங் படிச்சே?" என்று அத்தை ஒருமுறை கேட்டாள்.

கிரெச்தான். பொம்மை, பாட்டு, மதியத் தூக்கம் எல்லாம் உண்டு. கூடவே சக்‌ஷன் மெஷின் (சளியை உறிஞ்சி எடுப்பது), ஆக்சிஜன், ஃபீடிங் பம்ப். மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு ட்ரக்கியாஸ்டமி குழாய் (சுருக்கமாக ட்ரக்) போட்ட பிள்ளை, வயிற்றில் வைத்த பட்டன் வழியாகப் பால் இறங்கும் பிள்ளை, எந்த நிமிடம் வலிப்பு வரும் என்று சொல்ல முடியாத பிள்ளை என்று எல்லாரும் இருப்பார்கள். வேறெந்தக் காப்பகத்திலும் இவர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். டாக்டர் எழுதித் தந்தால் 21 வயது ஆகும்வரை வரலாம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம்தான், இரவில் தங்க முடியாது. மூன்று பிள்ளைக்கு ஓர் ஆள் என்பது கணக்கு. செலவைப் பெரும்பாலும் மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் ஏற்கிறது.

அந்தத் திட்டம் இந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பியதற்கு ஒரு சிறுமியும் காரணம். அயோவா மாநிலத்துக் கேட்டி பெக்கெட், மூளை அழற்சிக்குப் பிறகு வென்டிலேட்டரை நம்பி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அங்கே இருக்கும்வரை அரசு பணம் கொடுக்கும். வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் காட்டி நிறுத்திவிடும். வீட்டில் பார்த்தால் செலவு குறைவு, ஆனாலும் விதி அப்படி. 1981இல் அதிபர் ரீகன் இதைப் பத்திரிகையாளர்கள் முன் சொல்லி, அவளுக்கு விலக்குக் கொடுக்க வைத்தார். மறு வருடம் சட்டமும் மாறியது. கேட்டி 34 வயதுவரை வாழ்ந்தார்.

காலையில் வேன் வந்ததும் முதலில் பிள்ளையைப் பார்ப்போம், அடுத்து அவனுடைய அவசரப் பையை. இப்போது போட்டிருக்கும் அளவில் ஒரு ட்ரக் குழாய், அதைவிட ஓர் அளவு சின்னதாக இன்னொன்று, கழுத்துப் பட்டை, சளி உறிஞ்சும் மெல்லிய குழாயான கேதீட்டர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பை. குழாய் வெளியே வந்துவிட்டால் துளை சுருங்க நேரமே ஆகாது. அதே அளவு நுழையாமல் போகலாம், சின்னது நுழையும். பையில் ஒன்று குறைந்தாலும் பிள்ளையை அறையை விட்டு வெளியே கூட்டிப் போக மாட்டோம்.

இந்த அறையில் இன்னொன்றும் பழக வேண்டும். ட்ரக் போட்ட பிள்ளை அழுதால் பெரும்பாலும் சத்தம் வராது. காற்று குரல்வளைக்குப் போகாமல் குழாய் வழியாகவே வெளியேறிவிடும். முகம் சிவக்கும், கண்ணீர் வழியும், சத்தம் மட்டும் இருக்காது. காதை நம்பி வளர்ந்த நர்சுக்கு இது பெரிய அடி. பிள்ளைக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழக்கம் எனக்கு இங்கேதான் போனது.

குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் தேறாத ஒரு பையன் எங்களிடம் வருகிறான். நான்கு வயது. அவனுக்குப் பேச்சு வால்வு போட டாக்டர் அனுமதித்தார். பாஸி-மியூர் வால்வு என்பார்கள். டேவிட் மியூர் என்ற இளைஞர், தசைச் சிதைவு நோயால் கை கால் அசையாமல் வென்டிலேட்டரில் இருந்தவர், தனக்குப் பேச வேண்டும் என்று யோசித்துக் கண்டுபிடித்தது. மூச்சை இழுக்கும்போது திறக்கும், விடும்போது மூடிக்கொள்ளும். காற்றுக்குத் தொண்டையைத் தவிர வேறு வழி இருக்காது. வைத்ததும் பையன் இருமினான். அப்புறம் "ஆ" என்று ஒரு சத்தம். யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தான். இன்னொருமுறை கத்தினான். அதன் பிறகு நிறுத்தவே இல்லை. சாயங்காலம் அவன் பாட்டியிடம் வீடியோவைக் காட்டினேன். கியூபாக்காரர், நாங்கள் எல்லாரும் அபுவேலா (ஸ்பானிஷில் பாட்டி) என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகள், அதாவது பையனின் அம்மா, இல்லாததால் சட்டப்படி காப்பாளரும் அவர்தான். "இன்னொரு தடவை போடம்மா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

அன்று கோப்பில் நான் எழுதியது வேறு: வால்வைத் தாங்கினான், ஆக்சிஜன் அளவு இறங்கவில்லை, சளி அதிகம், சக்‌ஷன் தேவைப்பட்டது, வாய்வழி உணவு சில கரண்டி மட்டும், புரையேறும் அபாயம் நீடிக்கிறது. ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் கடைசி மூன்றையும் அழுத்தி எழுதினேன். பிள்ளை இங்கே வர மெடிகெய்ட் தரும் அனுமதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்து அனுமதி கொடுப்பவர் பிள்ளையைப் பார்த்ததில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். "தேறுகிறான்" என்று படித்தால், அப்படியானால் இத்தனை நாள் எதற்கு என்று கேட்பார். பொதுப் பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவன் தேறியதே இங்கே வந்ததால்தான் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. புதிதாகச் சேரும் நர்சுகளுக்குக் குழாய் மாற்றச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சுலபம். இந்த எழுத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம்: வாசலில் ஒரு பிள்ளையின் அம்மாவிடம் இன்று இரண்டு கரண்டி தயிர் சாப்பிட்டான் என்று சிரித்துவிட்டு, உள்ளே வந்து அவனால் இன்னும் முடியாததை வரிசையாக எழுத வேண்டும்.

இந்த முறை அந்தப் பையனுக்கு வாரத்தில் ஐந்து நாள் கேட்டோம், மூன்றுதான் வந்தது. அபுவேலா கடிதத்தைக் கொண்டுவந்து, "பேச ஆரம்பிச்சதுக்கு அபராதமா?" என்று கேட்டார். அவர் ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவர். இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வேலை இருக்காது. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. கடிதத் தேதியிலிருந்து 10 நாளுக்குள் கேட்டால் தீர்ப்பு வரும்வரை பழையபடியே தொடரக் கோரலாம். இது தெரியாமல் விட்டுவிடுகிற குடும்பங்களை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல். அங்கேயே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டோம். நுரையீரல் டாக்டரின் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. அவருடைய ஆபீசுக்குத் தினமும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.