மிஸ்ர சாபுவை 16 கட்டத்துக்குள் திணிக்காதீர்கள்

ஆக்டாட்ராக் மாதிரி சாம்ப்ளரில் (வாசிப்பைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் பெட்டி) தவிலை லூப் பிடிக்கிறீர்கள், இரண்டாவது சுற்றிலேயே சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, நழுவுகிறது. பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள். அது நாலு நாலாகத்தான் எண்ணும்: அடிக்கு 4 கட்டம் (ஸ்டெப்), ஒரு பேட்டர்னுக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்ட வரிசைக்கு, அதிகபட்சம் 64.

ஆதி தாளத்துக்குத் தொல்லை இல்லை. எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), அட்சரத்துக்கு 4 வீதம் 32 கட்டம் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), 64-ல் இரண்டு அடங்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவில் ஒரு எண்ணிக்கைக்கு 2 கட்டம் கொடுத்தால் சுற்றுக்கு 14. பேட்டர்ன் நீளத்தை 56 ஆக்கினால் நாலு சுற்று. ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாபு 10 கட்டம். 60 வைத்தால் ஆறு சுற்று. நீளத்தைக் குறைக்கவே விடாத பெட்டி என்றால் 4/4-ல் 7 பார் போடுங்கள். மொத்தம் 28 அடி, ஏழின் நாலு மடங்கு. கண்டத்துக்கு 5 பார்.

நடை, அதாவது ஒரு அட்சரத்தை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது, மாறினால் டெம்போவைப் பொய் சொல்ல வேண்டும். 80-ல் (நிமிடத்துக்கு 80 அட்சரம்) ஓடும் ஆதி தாளம் திஸ்ர நடை (மூன்று மூன்றாக) என்றால் பெட்டியில் 60 வையுங்கள். அப்போது ஒரு கட்டம் 0.25 நொடி, மூன்று கட்டம் 0.75 நொடி, 80-ல் ஒரு அட்சரமும் அதே 0.75 தான். ஆவர்த்தனம் 24 கட்டம். கண்ட நடைக்கு (ஐந்து ஐந்தாக) 100 வைத்தால் அட்சரத்துக்கு 5 கட்டம், ஆவர்த்தனம் 40. திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து பக்கத்தில் இருப்பவர் குழம்புவார், விடுங்கள்.

லூப் பிடிக்கவென்றே ஆக்டாட்ராக்கில் பிக்கப் மெஷின் இருக்கிறதே என்று தோன்றும். எனக்கு அது ஒத்துவராது. முதல் லூப்பின் நீளத்தை வைத்து அதுவே டெம்போவைத் தீர்மானிக்கிறது. 6 நொடியில் முடிய வேண்டிய ஆவர்த்தனத்தில், பதிவை முடிக்கும் பெடலில் உங்கள் பாதம் 0.1 நொடி தாமதமாக விழுந்தால் 80 என்பது 78.7 ஆகிவிடும், மற்ற டிராக்குகளும் அதன் பின்னால் போகும். அதற்குப் பதில் ஃப்ளெக்ஸ் மெஷினில் (நினைவகத்திலிருந்து ஒலியை வாசிக்கும் வகை) அந்த டிராக்கின் ரெக்கார்டர் பஃபரை, அதாவது பதிவு தங்கும் தற்காலிக நினைவிடத்தை, ஏற்றுங்கள். பதிவு நீளம் (ஆர்.எல்.இ.என்) பேட்டர்ன் நீளமே, அதாவது 56 என்றால் 56. முதல் கட்டத்தில் ஒரு ஒன்-ஷாட் பதிவு டிரிக் (அந்தக் கட்டத்தில் பதிவைத் தொடங்கச் சொல்லும் குறி). சாதாரண டிரிக் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பழைய பதிவை அழித்துப் புதிதாக எடுத்துக்கொண்டே இருக்கும்; "லூப் காணாமல் போகிறது" என்ற புகாரில் பாதி இதுதான். ஒன்-ஷாட்டை யெஸ் பொத்தானால் தயார் செய்தால் ஒரே ஒரு முறை எடுத்து நின்றுவிடும்.

விளம்பத்தில், அதாவது மெதுவான காலத்தில், இன்னொரு பொறி. 64 கட்டம் என்பது 16 அடி, 60 டெம்போவில் சரியாக 16 நொடி. மெமரி மெனுவில் ரெக்கார்டருக்கு 16 நொடிதான் ஒதுக்கியிருக்கிறது என்றால் 50-ல் ஓடும் 19.2 நொடி லூப்பின் வால் வெட்டுப்படலாம். ஒதுக்கீட்டைக் கூட்டுங்கள், இல்லையேல் ஒரே ஆவர்த்தனமாக எடுங்கள்.

சமத்தின் முதல் சொல் மழுங்கிக் கேட்கிறதா? வாசிப்பவர் மயிரிழை முந்தி அடித்திருப்பார், பதிவு அதற்குப் பிறகு தொடங்கியிருக்கும். சமத்தில் நிறுத்தாமல் இன்னும் ஒரு ஆவர்த்தனம் வாசித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். அடுத்த சமத்தின் முந்திய அடி லூப்பின் வாலில் பதிந்து, சுற்றி வரும்போது சரியான இடத்தில் கேட்கும். அதனால்தான் ஃபேட்-அவுட்டை நீளமாக வைக்கக் கூடாது. 'டிக்' சத்தம் போகிற அளவுக்கு மட்டும்.

டெம்போவுக்கு ஏற்ப ஒலியை இழுக்கும், சுருக்கும் டைம்-ஸ்ட்ரெட்சைத் தவிலுக்கு அணைத்துவிடுங்கள். வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத்தில்) கூடு போட்ட விரல் எழுப்பும் கூர்மை அதில் மாவாகிவிடும். அணைத்தபின் டெம்போவைக் கூட்டினால் வால் வெட்டுப்படும், குறைத்தால் இடைவெளி விழும். காலப்பிரமாணம் (வேகம்) ஏறும் என்று தெரிந்தால் சில ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை மறுபடி பதிவதே வழி. சுவாமி புறப்பாட்டு மல்லாரிக்கு லூப் வேண்டவே வேண்டாம். அங்கே சுவாமியைத் தூக்குபவர்களின் நடையும் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

இனி வயரிங். ஆக்டாட்ராக்கில் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) கிடையாது, மிக்ஸர் வழியாகத்தான் போக வேண்டும். மெயின் அவுட்டிலிருந்து எடுத்தால் சாம்ப்ளரின் சத்தமே திரும்ப உள்ளே போய் ஊளையிடும். தவில் சேனலின் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸிலிருந்து (சேனல் ஃபேடரைச் சாராத தனி வெளியீடு) மட்டும் அனுப்புங்கள். சாம்ப்ளர் திரும்பி வரும் சேனலில் அந்த ஆக்ஸ் பூஜ்யத்தில் இருக்கட்டும். கும்பகோணம், மாயவரம் கல்யாண மண்டபங்களில் ஜெனரேட்டர் ஓடும்போது வரும் இரைச்சலும் லூப்புக்குள் பதிந்து, ஒவ்வொரு அடுக்குக்கும் கூடிக்கொண்டே போகும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை இரைச்சலின்றி மிக்ஸருக்குக் கடத்தும் சிறு பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கும் பழக்கம் மேடைகளில் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்த இடைவெளியில் பஃபரில் இருந்த லூப் எல்லாம் போய்விடும், கார்டில் சேமித்தது மட்டுமே மிஞ்சும். வைஃபை ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியருக்குக் குறையாததாக, பின் அளவும் துருவமும் பொருந்துவதாகப் பார்த்து வாங்கி, வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.