யாருக்காகப் புகையைக் குறைப்பது?

"ஐரோப்பாவில இருக்கிறவங்க சாப்பிடக் கூடாத புகையை எங்க பேரப்பிள்ளைங்க மட்டும் சாப்பிடலாமா?"

ஜப்பானின் மகுராசாகியில், கட்சுவோபுஷி என்ற புகையிட்ட மீன் கருவாடு செய்யும் எங்கள் ஆலையில் அடுப்பு பார்க்கும் பெரியவர் என்னிடம் கேட்டது இது. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் புகையைக் குறைக்கலாம் என்று நான் யோசனை சொல்லியிருந்தேன். "இது ஏற்றுமதிச் சரக்குக்கு மட்டும்தான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு விறகு எடுக்கப் போய்விட்டார். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

கட்சுவோபுஷிக்கும் நம் மாசிக்கும் மீன் ஒன்றுதான், வரிச்சூரை. அவித்து, முள் பிடுங்கி, ஓக் போன்ற கெட்டி விறகின் புகையில் வாரக்கணக்கில் காயவைப்பார்கள். தரைக்குக் கீழே நெருப்பு, மேலே அடுக்கடுக்காக மீன் தட்டுகள். சில மணி நேரம் புகை போட்டு ஆறவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரம் மேலே வந்ததும் மறுபடி புகை. சுமார் 20 ஆயிரம் பேர் வாழும் அந்த ஊர் 300 ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்கிறது. ஜப்பானின் கட்சுவோபுஷியில் பெரும்பகுதி அங்கேயும் யாமகாவா, யாய்சு ஆகிய ஊர்களிலும்தான் தயாராகிறது.

அந்தப் புகையில் பென்சோபைரீன் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள். புகையிட்ட மீனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. கட்சுவோபுஷிக்கு 2015-இல் அதை 5 ஆக்கினார்கள். ஜப்பானில் இதற்குச் சட்ட வரம்பு கிடையாது. எங்கள் சரக்கு 5-ஐத் தாண்டியது. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் புகை போடும் தடவைகளைக் குறைத்து, மிச்ச ஈரத்தைப் புகை இல்லாத சூடான காற்றில் இழுத்து, மேலே படிந்த தாரைச் சுரண்டிவிடலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஜப்பானியர்கள் இதைப் பெரும்பாலும் கொதிநீரில் போட்டுச் சாறு எடுக்கிறார்கள். பென்சோபைரீன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சீவலாகத் தின்றாலும் ஒரு வேளைக்குச் சில கிராம்தான். ஒரு கிலோவில் எவ்வளவு என்ற கணக்கு வேறு, உடம்புக்குள் போவது வேறு. இதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

சரி, அப்படியென்றால் ஐரோப்பியருக்கு மட்டும் ஏன் குறைத்தோம்? துறைமுகத்தில் சரக்கு நின்றுவிடும் என்பதால். யாருடைய உடல்நலத்துக்காகவும் இல்லை. அதே சமயம், குறைப்பது இவ்வளவு எளிது என்று தெரிந்த பிறகு, டோஃபு மேல் தூவித் தின்னும் குழந்தைக்கு ஏன் குறைக்கக் கூடாது? "சுவை போய்விடும், உள்ளூரில் யாரும் வாங்கமாட்டார்கள்" என்பார் எங்கள் மேலாளர். அதுவும் உண்மைதான்.

இந்தச் சிக்கலுக்கு ஊர்க்காரர்களே வேறொரு வழி கண்டார்கள். மகுராசாகி தயாரிப்பாளர்கள் சேர்ந்து பிரான்சின் கொன்கார்னோவில் ஒரு ஆலை கட்டி, 2016-இல் அங்கேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். அதை அறிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அங்கேயும் கதை அதேதான்: அவர்களுக்கு ஒரு மீன், இவர்களுக்கு ஒரு மீன்.

பெரியவர் என்ன நினைத்துக் கேட்டார் என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. எல்லோருக்கும் புகையைக் குறை என்றாரா, யாருக்கும் குறைக்காதே என்றாரா? புகை குறைந்த துண்டுகளை ஒன்றோடொன்று தட்டி, சத்தம் சரியில்லை என்று முகம் சுளித்தவரும் அவர்தான். பேரப்பிள்ளைகளைச் சொன்னவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெருப்பு எரியும் அந்த நிலவறைக்குள் தினமும் பலமுறை இறங்குகிறவர் அவர். நாங்கள் அளந்ததெல்லாம் மீனை. அடுப்பு பார்க்கிறவர் மூச்சில் எவ்வளவு போகிறது என்று எழுத எங்கள் படிவத்தில் இடமே இல்லை. எந்த நாட்டு வாங்குபவரும் அதைக் கேட்டதில்லை.

அடுத்த சரக்குக்கு என்னிடம் கேட்டால் இன்றும் அதே யோசனையைத்தான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். உள்ளூர்ச் சரக்குக்கும் அதை எழுதிப் பார்த்திருக்கலாமோ என்றால், மேலாளர் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரியும். பெரியவர் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் தெரியவில்லை.