உ.வே.சா.வும் பஷீரும்: ஒரே மழைக்காலத்தில் நான் படித்த இருவர்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழில் படிக்கிறேன் என்று சொன்னால், கடைசியில் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்விதான் முதலில் வரும். எனக்கு அந்தக் கேள்வி பழகிவிட்டது. ஆனால் பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையரின் சுயசரிதையான 'என் சரித்திரம்' படித்தபோது, இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியை ஒருவர் அவரிடமே கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

1880 அக்டோபர் மாதம், கும்பகோணம். உ.வே.சா.வுக்கு 25 வயது, கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போக, இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார் அவர். இவர் அதைப் படித்ததே இல்லை. அத்தனை பாடுபட்டுப் படித்த ஒருவருக்கு அந்த இடத்தில் எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாமல் அந்த நூலை வாங்கிப் படிக்கத் தொடங்குகிறார். படித்தால் புரியவில்லை, அது சமணக் காப்பியம். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இந்தப் புத்தகத்திலேயே ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. சைவ மடத்தில் படித்த அந்தப் பிராமணர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப்போய், தமக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று உட்கார்ந்து கேட்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சில் வருகிறது. ஏட்டைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்கு அந்தச் சமணர் வீட்டுத் திண்ணைதான் முக்கியம்.

நடுநடுவே மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் கதைகளையும் குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பில் படித்தேன். மலையாளம் எங்களுக்குக் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பேச வரும், ஆனால் கதை என்றால் எனக்குத் தமிழில் படித்தால்தான் மனசில் நிற்கிறது. 'உலகப் புகழ்பெற்ற மூக்கு' கதையை அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமையல்காரனுக்குத் திடீரென்று மூக்கு நீண்டுகொண்டே போகிறது. முதலில் வேலை போகிறது. அப்புறம் கூட்டம் கூடுகிறது, பணம் கொட்டுகிறது, உலக விஷயங்களுக்கெல்லாம் அவனிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். அம்மாயி கண்ணில் தண்ணி வருமளவு சிரித்துவிட்டு, "இப்பவும் இப்படித்தான கண்ணு நடக்குது" என்றார்.

ஆனால் 'ஜன்மதினம்' கதையை அவருக்கு வாசிக்க எனக்கு மனசு வரவில்லை. பிறந்தநாளன்று கையில் காசில்லாமல், காலையிலிருந்து ஒரு வாய் சோற்றுக்குக் காத்திருக்கும் எழுத்தாளன், கடைசியில் பக்கத்து அறைக்காரர்களின் சமையலறையில் திருடித் தின்கிறான். அதையும் பஷீர் லேசான சிரிப்போடுதான் சொல்கிறார், எங்கேயும் நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய், நாடு முழுக்க அலைந்து, பட்டினி என்றால் என்னவென்று தெரிந்த மனுஷன் என்பதால்தான் அந்தச் சிரிப்பை நான் முழுசாக நம்புகிறேன். உ.வே.சா.வும் தன் வீட்டு வறுமையை இப்படித்தான், குரலை உயர்த்தாமல் எழுதிக்கொண்டு போகிறார்.

ஒரே ஒரு குறை. ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கிய 'என் சரித்திரம்' முடியாமலேயே நின்றுவிட்டது, 1942 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். சங்க நூலான குறுந்தொகைக்கு அவர் செய்த பதிப்பு வந்தது 1937இல், அவருக்கு 82 வயதில். அந்த வயதில் அதை எப்படிச் செய்து முடித்தார் என்பதை அவர் எழுத்திலேயே படிக்க முடியாமல் போனது எனக்கு நிஜமாகவே வருத்தம். சீடர் கி.வா. ஜகந்நாதன் தன் ஆசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறார், அடுத்து அதைத்தான் தேடப் போகிறேன்.