மேடை ஏறும் முன் வைஃபையை அணைத்துப் பாருங்கள்

மாநாட்டு அட்டவணை இன்று காலை வந்தது. இன்டராக்டிவ் டிசைனர்களும் டெவலப்பர்களும் ஒரே கூரையின் கீழ். கண் முதலில் போனது டெமோ நேரத்தின் பக்கம்தான்.

ஸ்லைடை எங்கிருந்தும் பார்க்கலாம். ஒருவர் கையை அசைக்க, திரையில் ஒரு வடிவம் அந்தக் கணமே வளைவதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

டெமோ கொண்டுபோகிறவர்கள் இப்போதே வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு லைப்ரரி (டெமோ பயன்படுத்தும் ஆயத்த நிரல்) வெளி சர்வரிலிருந்து வந்தாலும், அரங்கில் இணையம் தடுமாறினால் டெமோ மேடையில் நின்றுவிடும்.

கேமரா டெமோ இன்னும் நுணுக்கம். பிரவுசரில் ஓடும் டெமோவை லேப்டாப்பிலேயே லோக்கல்ஹோஸ்ட் (அந்த லேப்டாப்பையே குறிக்கும் முகவரி) வழியாகத் திறந்தால் கேமரா திறக்கும். அதே பக்கத்தை போனில் 192.168 என்று தொடங்கும், லேப்டாப்பின் உள் நெட்வொர்க் முகவரியில் சாதாரண எச்டிடிபி வழியாகத் திறந்தால், பிரவுசர் அனுமதிகூடக் கேட்காது. எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் அங்கே அந்த வசதியே கிடையாது. அந்த இணைப்புக்குத் தேவையான சான்றிதழை முன்கூட்டியே போட்டு, போன் அதை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிரவுசரில் ஒலி பெரும்பாலும் முதல் தொடுதலுக்குப் பிறகுதான் வரும். ‘தொடங்கு’ பட்டன் ஒன்று வையுங்கள்.

அப்புறம் சார்ஜர். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். அது தவறினால் அசைவு திக்கும், தொடுகிறவர் விரலும் தயங்கும்.